ஊர் சுற்றும் ஆண்களுக்கு ஒரு சின்னத் தோள்பை: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பயணத்தில் பெரிய பெட்டி விடுதி அறையிலேயே கிடக்கும். காலையில் கிளம்பி ராத்திரி திரும்பும் வரை உடம்போடு ஒட்டியிருப்பது சின்னப் பைதான். பாஸ்போர்ட், பணம், மொபைல், மாத்திரை என்று, தொலைந்தால் பயணமே நின்றுபோகும் பொருட்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். ஆனால் டிராலிப் பெட்டி வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள்கூட, இந்தச் சின்னப் பை விஷயத்தில் அலமாரியில் கிடக்கும் ஏதோ ஒரு மாநாட்டுப் பையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முதல் முறையாக வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ கிளம்புகிறவர்கள் இதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பேன்ட் பாக்கெட் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அரை நாளுக்குப் போதும். அதற்கு மேல் பின்பாக்கெட்டில் பர்ஸை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும். கூட்டத்தில் கை வைக்கிறவனுக்கும் பின்பாக்கெட்தான் வசதி. வேட்டி கட்டிப் போகும் இடங்களில் பாக்கெட் என்ற பேச்சே இல்லை, சட்டைப் பை ஒன்றுதான். அப்புறம், ஆண்கள் தோளில் பை மாட்டினால் யாராவது கேலி செய்வார்களோ என்ற தயக்கம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. நம் ஊர் கண்டக்டர்கள் காலங்காலமாகத் தோல்பையோடுதான் வேலை பார்க்கிறார்கள். ஜோல்னாப் பை மாட்டாத எழுத்தாளரையோ கட்சித் தோழரையோ ஒரு காலத்தில் பார்த்திருக்கவே முடியாது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கடைக்குப் போவதற்கு முன் கட்டிலில் பரப்புங்கள்

பையைப் பார்த்துவிட்டு உள்ளே என்ன வைக்கலாம் என்று யோசிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க வெளியே இருந்தால் உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் பரப்பி வையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவுதான் வரும்: மொபைல், பர்ஸ், பாஸ்போர்ட் அல்லது ஆதார், பவர் பேங்க், ஒரு கேபிள், வெயில் கண்ணாடி அல்லது படிக்கும் கண்ணாடி, மாத்திரை, கைக்குட்டை, அறைச் சாவி, பேனா. இவை எல்லாம் இரண்டு லிட்டர் பைக்குள் அடங்கிவிடும். இந்திய பாஸ்போர்ட் 12.5 செ.மீ. உயரம், 8.8 செ.மீ. அகலம்தான். உறை போட்டாலும் உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும், அவ்வளவே.

பரப்பியதில் எதை எடுத்து ஓரமாக வைக்கலாம் என்று அடுத்துப் பாருங்கள். சார்ஜர் அடாப்டர் பகலில் தேவைப்படாது, பவர் பேங்க் இருக்கிறது. வீட்டுச் சாவிக் கொத்து பெரிய பெட்டிக்குள் போகட்டும். பர்ஸில் உள்ள பழைய பில்கள், ஊரில் மட்டுமே பயன்படும் கடைக் கார்டுகள், இரண்டாவது மூன்றாவது வங்கி அட்டை, இவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு வங்கி அட்டை இருந்தால் ஒன்று பையில், ஒன்று அறையில். பை போனாலும் ஊர் திரும்பக் கையில் ஒரு வழி இருக்க வேண்டும்.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இரண்டு நாளுக்கான மாத்திரையாவது இந்தச் சின்னப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியும்படி அட்டையோடு வையுங்கள். கூடவே மருத்துவர் சீட்டின் ஒரு நகல். இன்சுலின் போடுகிறவர்கள் விமானத்தில் போகும்போது அதைச் சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. அங்கே உறைந்துபோக வாய்ப்பு உண்டு, உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் இன்சுலின் பேனா, ஊசி, குளிர் உறை எல்லாவற்றையும் சேர்த்தே பையின் அளவை யோசிக்க வேண்டும்.

அளவைத் தீர்மானிப்பது தண்ணீர் பாட்டில்

கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். சின்னப் பை வாங்கும்போது எடுக்க வேண்டிய பெரிய முடிவு ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் பாட்டில் அதற்குள் போக வேண்டுமா, வேண்டாமா? மற்ற எல்லாப் பொருளும் தட்டையானவை. பாட்டில் மட்டும்தான் உருண்டை. அது உள்ளே வந்ததும் பை இரண்டு மடங்காகிவிடும். நிறமும் கம்பெனியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாட்டில் வேண்டாம் என்றால் ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர் பை போதும். சட்டைக்கு மேலே இருப்பதே தெரியாது. மால், மெட்ரோ, அருங்காட்சியகம் என்று நகரத்துக்குள் சுற்றுவதற்கு இது தாராளம்.

அரை லிட்டர் பாட்டில் வேண்டும் என்றால் மூன்று முதல் ஐந்து லிட்டர். நம் ஊர் வெயிலுக்கும், ஏப்ரல் மே மாதத்தில் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் போகிறவர்களுக்கும் இந்த அளவைத்தான் சொல்வேன். அரை லிட்டர் எப்படிப் போதும் என்று தோன்றலாம். போகிற ஊரில் நிரப்பிக்கொள்ள முடியுமா என்று முன்பே பாருங்கள். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். ரோமில் 'நசோனி' என்று சொல்லப்படும் தெருக்குழாய்களில் குடிதண்ணீர் இலவசமாக வந்துகொண்டே இருக்கும். அங்கெல்லாம் பெரிய பாட்டிலைச் சுமப்பது வீண்.

ஒரு லிட்டர் பாட்டில், குடை, மெல்லிய ஜாக்கெட், கேமரா எல்லாம் வேண்டும் என்றால் தோள்பையை மறந்துவிட்டு முதுகில் மாட்டும் சின்னப் பையை வாங்குங்கள். ஒற்றை வாரில் தொங்கும் பை ஒரு தோளிலேயே முழுச் சுமையையும் ஏற்றும். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதோடு மொபைல் 200 கிராம், 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறக்குறைய 200 கிராம், பையின் எடை 300 கிராம் என்று சேர்த்தாலே 1.7 கிலோ வந்துவிடும். மதியத்துக்குள் கழுத்தும் தோளும் இறுகிப்போகும். எல்லாம் சேர்த்து ஒன்றரை கிலோ, அதுதான் நான் வைத்திருக்கும் எல்லை. வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள்.

பையின் அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். நீளம், உயரம், பருமன் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். 24 செ.மீ. உயரம், 18 செ.மீ. அகலம், 8 செ.மீ. பருமன் உள்ள பை சுமார் மூன்றரை லிட்டர். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் இந்த மூன்று எண்ணையும் ஒரு செய்தித்தாளில் வரைந்து வெட்டிப் பாருங்கள். படத்தில் மாடல் மாட்டியிருக்கும்போது ஒரு மாதிரி தெரியும், கைக்கு வந்தால் வேறு மாதிரி இருக்கும். குறிப்பாகப் பருமனைப் பாருங்கள். அரை லிட்டர் பாட்டிலின் விட்டமே ஆறேழு செ.மீ. வரும். ஐந்து செ.மீ. பருமன் உள்ள பையில் அது போனாலும் பை வயிறு முட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. குளிர்ந்த பாட்டில் வியர்க்கும். பாஸ்போர்ட்டும் பாட்டிலும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. பாட்டிலுக்கு வெளிப்பக்கம் வலைப்பை உள்ளதையோ, உள்ளே தனித் தடுப்பு உள்ளதையோ தேடுங்கள்.

எந்த வடிவம்

மேல்பக்கம் ஜிப் வைத்து, வாரைக் குறுக்காக மார்பில் போட்டு இடுப்போரம் தொங்கும் செவ்வகப் பைதான் புதியவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது. நிமிர்ந்த வடிவம், அதாவது அகலத்தைவிட உயரம் கூடியது, நடக்கும்போது தொடையில் அவ்வளவாக இடிக்காது. படுத்த வடிவம் புத்தகத்துக்கும் டேப்லெட்டுக்கும் வசதி, ஆனால் கூட்டத்தில் நாலு பேர் மேல் படும்.

மார்போடு இறுக்கிக் கட்டும் ஸ்லிங் பேக் இப்போது எல்லாக் கடையிலும் தொங்குகிறது. இரு சக்கர வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், மலைப்படி ஏறுகிறவர்களுக்கும் நல்லது, ஆடாது. சென்னை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தால் சட்டையில் அந்த இடம் மட்டும் நனைந்து நிற்கும். வார் பல மாடல்களில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே அமையும்படி தைத்திருப்பார்கள். இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் இதை மாட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

பெரிய மூடி போட்ட மெசஞ்சர் பை அழகுதான், கையால் சட்டென்று திறக்கலாம். அதுவேதான் அதன் பலவீனம்: மூடிக்குக் கீழே ஜிப் இல்லையென்றால் அடுத்தவர் கையும் சட்டென்று போய்விடும். வெல்க்ரோ மட்டும் வைத்த மூடியைத் தவிருங்கள். அமைதியான இடத்தில் அதைக் கிழிக்கும் சத்தம் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். நூலும் தூசும் சேர்ந்தால் ஒரு வருடத்தில் ஒட்டவும் ஒட்டாது.

ஜோல்னாப் பை எனக்கு மிகவும் பிடித்தது. புத்தகக் கண்காட்சிக்கும் உள்ளூர் வேலைக்கும் அதற்கு ஈடில்லை. ஆனால் வாய் திறந்தே இருக்கும், ஒற்றை அறை, வார் நீளத்தைக் குறைக்க முடியாது. பாஸ்போர்ட் வைக்கும் பயணத்துக்கு அதை எடுத்துப் போக வேண்டாம்.

கடையில் நின்று செய்ய வேண்டிய சோதனைகள்

பைக் கடைகளில் உள்ளே தாளை அடைத்து நிமிர்த்தி வைத்திருப்பார்கள். முதலில் அந்தத் தாளை எடுக்கச் சொல்லுங்கள். வெறும் பை எப்படித் தொங்குகிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் பொருட்களையே உள்ளே போட்டு மாட்டிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

ஜிப்பில்தான் பெரும்பாலான பைகள் சாகின்றன. அதனால் அதிக நேரம் ஜிப்புக்குக் கொடுங்கள். பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் மட்டும் ஜிப்பை இழுங்கள். நேர்ப்பகுதியில் எல்லா ஜிப்பும் ஓடும், மூலையில்தான் தெரியும். சதுரமாகத் திரும்பும் மூலையில் ரன்னர், அதாவது பல்லின் மேல் ஓடும் இழுவை, திக்கினால், நூறு முறை திறந்து மூடியதும் பல் விட்டுப்போகும். வளைந்து திரும்பும் மூலை நல்லது. அடுத்து, உள்துணி ரன்னரில் மாட்டுகிறதா பாருங்கள். ஜிப்புக்கும் உள்துணிக்கும் நடுவில் ஒரு தையல் ஓடி, துணியைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். ரன்னரின் பின்பக்கத்தில் 3, 5, 8 என்று ஒரு எண் பல ஜிப்புகளில் இருக்கும். மூடிய பல்லின் அகலத்தை ஒட்டிய மில்லிமீட்டர் கணக்கு அது. முக்கிய அறைக்கு 5-க்குக் குறையாமல் இருக்கட்டும். உள் அறைக்கு 3 போதும். ஒய்.கே.கே. என்று பொறித்திருந்தால் நிம்மதி. 1934-ல் ஜப்பானில் தொடங்கிய நிறுவனம், ஜிப்புக்குப் பேர்போனது. ஆனால் அந்த மூன்று எழுத்தைப் போலியாகப் பொறிப்பவர்களும் இருக்கிறார்கள், எழுத்தைவிட ஓட்டத்தை நம்புங்கள்.

ஜிப்பை முழுக்க மூடியதும் ரன்னர் எங்கே வந்து நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். பையை மாட்டிய நிலையில் அது உங்கள் வயிற்றுப் பக்கம், கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும். முதுகுப் பக்கம் போய் நின்றால் திறப்பது உங்களுக்குத் தெரியாது. இரண்டு ரன்னர் இருந்து, இரண்டின் நுனியிலும் துளை இருந்தால் சின்னப் பூட்டு போடலாம்.

துணிக்கு வருவோம். அட்டையில் 600டி, 1000டி என்று போட்டிருப்பார்கள். 'டி' என்பது டெனியர், அதாவது 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில். எண் கூடினால் நூல் தடிமன், அவ்வளவுதான். நைலானா பாலியஸ்டரா என்பதும் முக்கியம். ஒரே தடிமனில் நைலான் உராய்வைக் கூடுதலாகத் தாங்கும். பாலியஸ்டர் வெயிலில் நிறம் மங்காமல் இருப்பதில் தேவலாம், விலையும் குறைவு. சின்னப் பைக்கு 400 அல்லது 500 டெனியர் நைலான், இல்லை 600 டெனியர் பாலியஸ்டர் இருந்தால் தாராளம். அதற்கு மேல் போனால் பை கனக்கும், விறைப்பாக இருக்கும், சட்டையைத் தேய்த்து நூல் எழுப்பிவிடும்.

கேன்வாஸ் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மழையில் நனைந்தால் காய நாளாகும். நல்ல தோல் வருடக்கணக்கில் வரும். பையே முக்கால் கிலோ இருந்தால் நம் ஒன்றரைக் கிலோ கணக்கில் பாதி அதிலேயே போய்விடும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். தோல் போலத் தெரியும் ரெக்சின், பி.யு. வகைகளை நம் ஊருக்கு நான் சொல்ல மாட்டேன். வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்றில் அந்தப் பூச்சு இரண்டு மூன்று வருடத்தில் பிசுபிசுத்து உரியத் தொடங்கும். பீரோவில் சும்மா வைத்திருந்தாலும் உரியும்.

இன்னொரு சோதனையை யாரும் செய்வதில்லை, ஆனால் நமக்கு ரொம்ப அவசியம். வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு முனையை நனைத்து, பையின் பின்பக்கத்திலும் வாரின் உட்பக்கத்திலும் அழுத்தித் தேயுங்கள். கறுப்போ நீலமோ கைக்குட்டையில் ஏறினால் அந்தப் பையைத் திருப்பி வைத்துவிடுங்கள். வியர்வையில் அதே சாயம் உங்கள் வெளிர்நிறச் சட்டையில் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு பட்டையாக இறங்கும். துவைத்தாலும் போகாது.

வார் பையோடு சேரும் இரண்டு இடத்தையும் உற்றுப் பாருங்கள். அங்கே நெருக்கமான குறுக்குத் தையலோ, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்ட தையலோ இருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் மட்டும் இருந்தால் அது நிற்காது. வாரைப் பிடித்து நன்றாக ஒரு இழு இழுத்துப் பாருங்கள், தையல் துளைகள் வாய் பிளந்தால் வேண்டாம். வாரின் அகலம் மூன்று முதல் நாலு செ.மீ. இருந்தால் தோளில் வெட்டாது. கார் சீட் பெல்ட் போல வழவழப்பான பட்டை சட்டையைக் கசக்காமல் நகரும். சொரசொரப்பான பட்டை காலரோடு சேர்த்துச் சட்டையையும் இழுக்கும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பக்கிள், பையை மாட்டியபடியே ஒரு கையால் நகர வேண்டும். கூட்டம் வந்தால் இறுக்கவும், உட்கார்ந்தால் தளர்த்தவும் இது தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். உயரமானவர்கள், பருத்த உடம்பு உள்ளவர்கள் வாரை முழு நீளத்துக்கு விட்டு மாட்டிப் பாருங்கள். பல பைகளில் அது போதாது.

உள்ளே வெளிர்நிறத் துணி இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புத் துணிக்குள் கறுப்புக் கேபிளையும் கறுப்பு பர்ஸையும் மங்கிய ரயில் வெளிச்சத்தில் தேடுவது பெரும்பாடு. உள்ளே தையல் ஓரங்களில் துணி பிசிறு விட்டிருக்கிறதா, நாடா வைத்து மூடித் தைத்திருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். பிசிறு நூல்தான் நாளைக்கு ஜிப்பில் மாட்டும்.

அறைகள் நாலுக்கு மேல் வேண்டாம். உடம்பை ஒட்டிய பின்பக்கத்தில் ஜிப் வைத்த தட்டை அறை ஒன்று, அதில் பாஸ்போர்ட்டும் பெரிய நோட்டுகளும். நடுவில் பெரிய அறை. முன்னால் ஒரு சின்ன அறை, டிக்கெட், சில்லறை, கைக்குட்டைக்கு. உள்ளே சாவி மாட்ட ஒரு கொக்கி. பன்னிரண்டு அறை உள்ள பையைப் பெருமையாகக் காட்டுவார்கள். எதை எங்கே வைத்தோம் என்று தேடுவதற்கே நேரம் போகும்.

"அண்ணே, இது வாட்டர்ப்ரூஃப்" என்று சொன்னால் ஜிப்பையும் தையலையும் காட்டிக் கேளுங்கள். துணி நீரைத் தடுக்கலாம். ஊசி போன துளையும் ஜிப்பின் பல்லும் தடுக்காது. தூறலுக்குத் தாங்கும், கொட்டும் மழைக்குத் தாங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் ஒரு ஜிப் லாக் கவரில் போட்டுப் பைக்குள் வைத்தால் கவலை விட்டது.

கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லாத சில

வங்கி அட்டையின் சிப்பைத் தூரத்திலிருந்தே ரேடியோ அலையால் படித்துத் திருடுவதைத் தடுக்கும் உறை என்று சொல்லி ஆர்.எஃப்.ஐ.டி. பைகளை விலை கூட்டி விற்கிறார்கள். தட்டிப் பணம் செலுத்தும் வசதியை வங்கிச் செயலியிலேயே அணைத்து வைக்கலாம், வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் அப்படியே. இந்தியாவில் ரகசிய எண் இல்லாமல் தட்டிச் செலுத்த 5,000 ரூபாய் என்ற உச்சவரம்பும் இருக்கிறது. இதற்காகத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். பயணிகள் பையைப் பறிகொடுப்பது பெரும்பாலும் கையால் எடுக்கிறவனிடம்தான்.

வாருக்குள் எஃகுக் கம்பி ஓடும் திருட்டுத் தடுப்புப் பைகள் உண்டு. கத்தியால் வாரை அறுப்பவனுக்கு எதிராக அவை உதவும். ஆனால் வியட்நாமின் ஹோ சி மின் நகரம் போல, ஓடும் மோட்டார் சைக்கிளிலிருந்து பறிக்கும் பழக்கம் உள்ள ஊரில் அறுபடாத வார் உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். அங்கே கம்பி வாரைவிட, சாலை இல்லாத பக்கம் பையை மாட்டுவதும், ஜிப் உள்ள மெல்லிய சட்டையை மேலே போட்டுக்கொள்வதும்தான் பாதுகாப்பு. பறித்தால் விட்டுவிடுங்கள்.

விலை பற்றி ஒரு வார்த்தை. ரங்கநாதன் தெருவிலும் பாரிமுனையிலும் 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும் பைகள் ஒரு பயணத்துக்கு ஓடும். மேலே சொன்ன சோதனைகளில் தேறும் பை 1,000 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைத்துவிடும். டெகாத்லான், வைல்ட்கிராஃப்ட் போன்ற கடைகளில் பையைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்க்கலாம். அதற்கு மேல் கொடுப்பது உங்கள் ஆசைக்கு, தேவைக்கு அல்ல.

விமானம், ரயில், கோயில்

உள்நாட்டு விமானங்களில் கையில் கொண்டுபோகும் பைக்குப் பொதுவாக 7 கிலோதான் கணக்கு. ஒரு பைக்கு மேல் இருந்தால் சில நேரம் கேள்வி கேட்பார்கள். அதனால் உங்கள் தோள்பை, கேபின் பைக்குள் மேலாக வைத்து மூடும்படி மடங்கக் கூடியதாக இருந்தால் நல்லது. கேட்டால் உள்ளே வைத்துக் காட்டலாம், ஏறியதும் வெளியே எடுத்துக்கொள்ளலாம். பாதுகாப்புச் சோதனைக்கு முன் வாட்ச், பர்ஸ், சில்லறை, சாவி எல்லாவற்றையும் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். தட்டில் சிதறிக் கிடக்கும் பர்ஸ்தான் மறந்துபோகும்.

பவர் பேங்கைச் சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும். 100 வாட் அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) வரை தடையில்லை. எம்.ஏ.எச். எண்ணை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட் அவர் வரும்: 20,000 என்றால் 74. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் விமான நிலையத்தில் ஒரு விமானம் எரிந்த பிறகு விதிகள் இறுகியிருக்கின்றன. அந்த நாட்டு விமானங்களில் பவர் பேங்கை மேல் அலமாரியில் வைக்கக் கூடாது என்று 2025 மார்ச் முதல் சொல்கிறார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து பயணத்தின்போது அதைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டது. ஆக, பவர் பேங்க்குக்கு உரிய இடம் உங்கள் காலடியில் இருக்கும் சின்னப் பைதான். டிக்கெட் போட்ட நிறுவனத்தின் தற்போதைய விதியைக் கிளம்பும் முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

ரயிலில் தூங்கும்போது ஜன்னல் பக்கம் தலை வைத்து, பையைத் தலைமாட்டில் வைப்பது பலருடைய பழக்கம். ஸ்லீப்பர் வகுப்பில் ஜன்னல் திறந்திருக்கும், வண்டி நின்று கிளம்பும் நேரத்தில் வெளியிலிருந்து கை நீளும். வாரைக் கழற்றாமல், பையை வயிற்றுக்கு முன்னால் கொண்டுவந்து ஒருக்களித்துப் படுங்கள். ஓட்டலில் நாற்காலி முதுகில் மாட்டாதீர்கள். மடியில் வையுங்கள், இல்லையென்றால் வாருக்குள் ஒரு காலை விட்டுப் பையைத் தரையில் வையுங்கள்.

நடக்கும்போது பை எந்தப் பக்கம்? வலதுகைப் பழக்கம் உள்ளவருக்கு வார் வலது தோளில், பை இடது இடுப்பின் முன்பக்கம் இருந்தால் கை நேராக ஜிப்புக்குப் போகும். சாலையோரம் மட்டும் பழக்கத்தைவிட்டு, வண்டி போகாத பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மின்சார ரயிலிலும் மெட்ரோவிலும் ஏறும்போது பை முன்னால் வரட்டும், கை அதன் மேல் இருக்கட்டும்.

கோயில் சுற்றுலா போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 முதல் மொபைலுக்கு அனுமதியில்லை. தமிழகக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் அந்தத் தடையை விரிவாக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேல்சட்டையில்லாமல் வேட்டியோடுதான் போக வேண்டும், மொபைலும் கூடாது. இப்படிப்பட்ட இடங்களில் பையைக் காப்பறையில் கொடுத்துவிட்டு டோக்கனோடு உள்ளே போவோம். எனவே எல்லாப் பொருளும் ஒரே பைக்குள் அடங்கி, ஒரு சின்னப் பூட்டும் போட முடிந்தால் மனம் சாமியிடம் இருக்கும். டோக்கன், பணம், உண்டியல் சில்லறை மூன்றுக்கும் நம் பெரியவர்கள் வேட்டிக்கு மேல் கட்டும் பர்ஸ் வைத்த பச்சை பெல்ட்டை மிஞ்ச எதுவும் இல்லை. அதை மடித்துத் தோள்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மஞ்சப்பையையும் மடித்து வையுங்கள். பிரசாதமோ வாங்கிய பொருளோ அதில் போகும், சின்னப் பை வீங்காது.

வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் பைக்கு அளவு உண்டு. வத்திக்கான் அருங்காட்சியகத்தில் 40 x 35 x 15 செ.மீ. தாண்டினால் காப்பறையில் வைக்கச் சொல்வார்கள். நாம் பேசும் சின்னப் பை இந்த வரிசையில் நிற்க வேண்டியதே இல்லை.

கிளம்புவதற்கு முன் ஒரு நாள் மாட்டிப் பாருங்கள்

வாங்கிய பையைப் பயண நாள் வரை கவரோடு வைக்காதீர்கள். முழுச் சுமையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டு சந்தைக்கோ கடற்கரைக்கோ போய், இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். படி ஏறுங்கள், பஸ் பிடியுங்கள், கீழே உட்கார்ந்து எழுந்திருங்கள். வார் எங்கே வெட்டுகிறது, பை எப்போது முன்னால் சரிகிறது, மொபைலை எடுக்கும்போது கைக்குட்டையும் சேர்ந்து விழுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பாஸ்போர்ட்டை, பார்க்காமல் கையால் மட்டும் தடவி எடுக்க முடிகிற வரை அறைகளை மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு முறை இடம் முடிவாகிவிட்டால் பயணம் முடியும் வரை மாற்றாதீர்கள். பாஸ்போர்ட் அதன் இடத்தில் இல்லையென்றால் கை உடனே சொல்லிவிடும்.

திரும்பி வந்ததும் பையைக் கவிழ்த்துத் தட்டுங்கள். மூலையில் மணலும் பிஸ்கட் தூளும் இருக்கும், எறும்பு அதைத் தேடி வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைத்து, துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் உட்பூச்சு உரியும். வாரை மட்டும் பிரஷ் போட்டுத் தேய்க்கலாம், வியர்வை உப்பு அதில்தான் படிகிறது. மழைக்காலத்தில் பீரோவுக்குள் வைக்கும்போது பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே போட்டு, ஜிப்பைத் திறந்தே வையுங்கள். பூஞ்சை வராது.

ஜிப் மூடிய பிறகும் பல் பிரிந்தால் பையைத் தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலும் தேய்ந்தது ரன்னர்தான், பல் அல்ல. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பையும் செருப்பும் தைப்பவரிடம் கொடுத்தால் ரன்னரை மட்டும் மாற்றித் தருவார், பத்து நிமிட வேலை. வார் தையல் விட்டிருந்தாலும் அவரிடமே கொடுங்கள். தடித்த நைலான் நூலால் இரட்டையாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள், கடைத் தையலைவிட அது உறுதியாக நிற்கும்.